ஸ்கூல்ல ஸ்டார்... காலேஜ்ல பெஞ்ச்! விளையாட்டுப் பிள்ளைகள் ஏன் திடீர்னு மங்கிப்போறாங்க?

உங்க ஊர்லயும் அப்படி ஒரு பையன் இருப்பான். கம்பமோ, கூடலூரோ, சின்னமனூரோ, போடியோ... ஊர் எதுவா இருந்தாலும் கதை ஒண்ணுதான். எட்டாவது படிக்கும்போதே ப்ளஸ் டூ அண்ணன்களோட சரிக்குச் சமமா ஆடுவான். மாவட்டப் போட்டி, மண்டலப் போட்டினு வீட்டு ஷோகேஸ் நிறைய கப்பு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கோயம்புத்தூர்லயோ சென்னையிலயோ காலேஜ் ஸீட் கிடைக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஃப்ளெக்ஸ் வைப்பாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் சத்தமே இருக்காது. தீபாவளிக்கு வந்தவன்கிட்ட, ``என்னடா மாப்ள, பேப்பர்ல எப்ப வருவ?'' என்று கேட்டால், சிரிச்சுட்டுப் பேச்சை மாத்துவான்.

ஊர் இதுக்கு மூணு காரணம் வச்சிருக்கு. தலைக்கனம், செல்போன், காதல். சில பிள்ளைகள் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், பெரும்பாலும் காரணம் வேறு. அந்தப் பையன் கெட்டுப்போனதால் மங்கவில்லை. நாம அவனை அளந்த அளவுகோலே தப்பு.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. லக்‌ஷ்மண் சிவராமகிருஷ்ணன். இன்றைய பிள்ளைகளுக்கு அவரை டி.வி வர்ணனையாளராகத்தான் தெரியும். உங்க அப்பாவிடம் கேட்டுப்பாருங்கள், கண்கள் விரியும். 16 வயதில் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகம், டெல்லிக்கு எதிராக 28 ரன்களுக்கு 7 விக்கெட். 1983-ல் ஆன்டிகுவாவில் டெஸ்ட் தொப்பி. அப்போது வயது 17. அதுவரை இந்தியாவுக்கு ஆடியவர்களிலேயே மிக இளையவர் அவர்தான். 1984-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் தலா 6 விக்கெட். அடுத்த டெல்லி டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸிலும் 6. அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை இந்தியா வென்றபோதும் அணியின் முக்கிய ஆயுதம் அவர்தான். `அடுத்த 15 வருஷத்துக்கு ஸ்பின் கவலை இல்லை' என்று நாடே நம்பியது.

ஆனால், 1986 ஜனவரிக்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. 1987 உலகக் கோப்பையோடு ஒருநாள் போட்டியும் முடிந்தது. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். கடைசி சர்வதேசப் போட்டியில் ஆடியபோது அவருக்கு வயது 21. நம்ம வீட்டுப் பிள்ளைகள் டிகிரி முடிக்கிற வயது!

பந்துவீச்சில் துல்லியம் தவறியது என்றார்கள். சின்ன வயதில் கிடைத்த புகழ் தாங்கவில்லை என்றார்கள். ஆனால், தோலின் நிறத்துக்காகத் தன் சொந்த நாட்டிலேயே கிண்டலும் பாகுபாடும் அனுபவித்ததாக 2021-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். பதின்ம வயதில் பெரியவர்களின் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நுழைந்த ஒரு பையனின் தனிமையை அன்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? ஸ்கோர்கார்டில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

சீக்கிரம் வளர்ந்த பையன்

சரி, நம்ம கம்பம் பையனுக்கு வருவோம். அவன் ஏன் எட்டாம் வகுப்பில் அவ்வளவு பெரிய ஸ்டாராகத் தெரிந்தான்?

ஆண்பிள்ளைகள் சடசடவென உயரமாகும் பருவம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. ஆனால், அது சராசரிதான். ஒருவனுக்கு 12-லேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 16 ஆகும். இரண்டு பேரும் ஒரே `அண்டர் 14' பிரிவில் நின்றால் என்ன ஆகும்? ஒருவனுக்கு மீசை முளைத்திருக்கும், இன்னொருவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. முன்னவன் வேகமாக ஓடுவான், உயரமாகக் குதிப்பான், இடித்துத் தள்ளுவான். நாம அதைத் `திறமை' என்று பெயர் வைத்துவிடுவோம். பதினெட்டு வயதில் மற்ற பையன்களும் வளர்ந்துவிடுவார்கள். இவனுடைய வேகம் குறையவே இல்லை, மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

பிறந்த மாதத்துக்கும் இதில் பங்கு உண்டு. வயதுக் கணக்கு ஜனவரி 1-ல் தொடங்கினால், ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்தவர்கள் 1985-லேயே இதைக் கவனித்தார்கள். அணிகளில் வருட ஆரம்பத்தில் பிறந்தவர்கள்தான் அதிகம். பெரிய பையன் தேர்வாகிறான். தேர்வானதால் நல்ல பயிற்சி கிடைக்கிறது, அதனால் இன்னும் நல்லா ஆடுகிறான். டிசம்பர் பையன் `நமக்கு விளையாட்டு வராது' என்று டியூஷனுக்குப் போய்விடுகிறான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உடம்பை வைத்தே ஜெயித்துப் பழகியவன் நுணுக்கங்களைக் கற்றிருக்க மாட்டான். அதற்கு அவசியமே வந்திருக்காதே! பெரியகுளத்தில் கோடையில் நடக்கிற அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது புரியும். வெளியூரிலிருந்து வரும் பெரிய அணிகளில் எல்லோருமே உயரம்தான். அங்கே உயரத்தால் யாரும் ஜெயிப்பதில்லை. பந்து வருவதற்கு முன்பே எங்கே போய் நிற்பது, எந்தக் காலை முதலில் வைப்பது என்பதில்தான் வித்தியாசம். அடுத்த முறை போனால் பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாத ஆட்டக்காரர்களின் கால்களைப் பாருங்கள். ஸ்கூல் மேட்சில் இதைப் பார்க்கவே முடியாது.

கல் பிடித்த கை

கல்லூரி விளையாட்டு என்றாலே அமெரிக்கா. அவர்களின் ஃபுட்பால் நம்ம கால்பந்து இல்லை. கையால் எறிந்து, பிடித்து, மோதி ஆடுகிற ஆட்டம். அதில் `ரிசீவர்' என்று ஒரு இடம் உண்டு. தூரத்திலிருந்து எறியப்படும் பந்தை ஓடிக்கொண்டே பிடிப்பதுதான் அவர் வேலை. பள்ளியில் படிக்கும்போதே பிள்ளைகளுக்கு நட்சத்திர ரேட்டிங் கொடுத்துவிடுவார்கள். ஐந்து நட்சத்திரப் பையன் கல்லூரியில் இரண்டு பந்தைத் தவறவிட்டால் போதும், ஸ்டேடியமே முணுமுணுக்கும்.

ஜெர்ரி ரைஸ் என்பவரின் கதை சுவாரஸ்யமானது. அப்பா கொத்தனார். கோடைக்காலத்தில் அப்பாவுக்கு உதவியாகச் செங்கல் பிடித்துப் பிடித்துத்தான் கை பழகியது என்பார்கள். பெரிய கல்லூரிகள் அவரைச் சீண்டவில்லை. மிஸிஸிப்பியில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆடி சாதனைகள் படைத்து, 1985-ல் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கு வந்தார். ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. முதல் சீஸனில் கைக்கு வந்த பந்துகளை வரிசையாகத் தவறவிட்டார். சொந்த ஊர் ரசிகர்களே ஊளையிட்டார்கள். அந்த வாரமே அவரை `வேஸ்ட்' என்று ஓரங்கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதே சீஸனின் டிசம்பரில் ஒரே ஆட்டத்தில் 241 கெஜம் எடுத்தார். ஓய்வுபெறும்போது அவர் கணக்கில் 22,895 கெஜம். இன்றுவரை யாரும் தொடவில்லை.

ஏன் தவறவிட்டார்? புது அணியில் மனப்பாடம் செய்ய வேண்டிய ஆட்டத் திட்டங்கள் ஏராளம். `அடுத்து எந்தப் பக்கம் ஓடணும்' என்று யோசித்துக்கொண்டே பந்தைப் பிடிக்க முடியாது. தானாக நடக்கிற வேலைக்குள் யோசனை புகுந்தால் கை தடுமாறும். மாடிப்படி இறங்கும்போது `இப்ப எந்தக் காலை வைக்கிறோம்' என்று யோசித்துப்பாருங்கள், தடுக்கும். பயமும் இதையேதான் செய்கிறது. `தப்பு பண்ணினா வெளியே உட்கார வச்சிருவாங்க' என்று பயந்து ஆடுபவன், பத்து வருடமாகத் தெரிந்த வேலையைப் புதிதாகச் செய்பவன்போலச் செய்வான்.

புது இடத்தில் முதல் ஒரு வருடத் தடுமாற்றத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது இதனால்தான். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கவாத்து பண்ணி நாலு மாசம் காத்திருந்துதான் குலை வெட்டுகிறார்கள். பதினைந்தாவது நாள் கொடியைப் பார்த்து யாரும் திட்டுவதில்லை.

ஹாஸ்டல், அட்டெண்டன்ஸ், முழங்கால்

ஆட்டத்துக்கு வெளியே நடப்பது இன்னும் பெரிய கதை. வீட்டில் அம்மா பார்த்துப் பார்த்துப் போட்ட சாப்பாடு, ஹாஸ்டலில் நேரத்துக்குப் போனால்தான். காலை பிராக்டீஸ் முடித்து வருவதற்குள் மெஸ் மூடியிருக்கும். வகுப்பில் தூக்கம் வரும். டோர்னமென்ட்டுக்குப் போய் வந்தால் அட்டெண்டன்ஸ் பிரச்னை.

உன்முக்த் சந்த் நினைவிருக்கிறதா? 2012-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 111 ரன் அடித்த கேப்டன். அதே வருடம்தான் டெல்லியில் அவர் படித்த கல்லூரியில் அட்டெண்டன்ஸ் போதவில்லை என்ற விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த கோலி என்றார்கள். 2013 ஐ.பி.எல் தொடரின் முதல் பந்தில் பிரெட் லீ அவரை போல்டாக்கினார். இந்தியாவின் சீனியர் அணியில் அவர் ஒருமுறைகூட ஆடவில்லை. 2021-ல், 28 வயதில், இந்திய கிரிக்கெட்டிலிருந்து ஓய்வுபெற்று அமெரிக்காவுக்கு ஆடப் போய்விட்டார்.

காயம் தனி. ஸ்போர்ட்ஸ் கோட்டா பிள்ளைகள் முழங்கால் வலியை வெளியே சொல்லவே மாட்டார்கள். சொன்னால் டீமில் இடம் போய்விடும், இடம் போனால் ஸீட்டும் போய்விடுமோ என்ற பயம். வலியோடு ஆடுவதால் ஆட்டம் மந்தமாகும். `சோம்பேறி ஆயிட்டான்' என்று கோச் சொல்வார். உங்க மகனோ மகளோ படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறார்களா என்று ஒரு தடவை கவனியுங்கள். வீக்கம் இருந்தால் எண்ணெய் தேய்த்து அனுப்பிவிடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், போனில் கேட்கும் கேள்வியை மாத்துங்க. `எத்தனை கோல், எத்தனை பாயின்ட்?' என்பது பிள்ளைக்குப் பரீட்சை. `புதுசா என்னப்பா கத்துக்கிட்ட? சாப்பிட்டியா? கால் எப்படியிருக்கு?' என்று கேட்டால், அவனே மேட்ச் கதையைச் சொல்லுவான். உறவுக்காரர்கள் `என்னாச்சு' என்று நோண்டும்போது நீங்கதான் இடையில் நிக்கணும். ஃப்ளெக்ஸ் வைப்பதை என்னால் ரசிக்க முடியவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் முகத்தை பத்தடி உயரத்துக்கு வைத்தால், அவன் அதற்குச் சமமாக வளர்ந்தே ஆகவேண்டும் என்றாகிவிடுகிறது.

பத்து வயதிலேயே ஒரே விளையாட்டில் கட்டிப்போடவும் வேண்டாம். உலகத்தரத்துக்கு உயர்ந்தவர்களை ஆராய்ந்தால், சின்ன வயதில் பல விளையாட்டுகள் ஆடி, தங்கள் முக்கிய விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்களே அதிகம். சின்ன வயதில் பதக்கம் குவித்தவர்கள் பலர் அந்தப் பட்டியலில் இல்லை. நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் சின்னப்பம்பட்டியில் 20 வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். தமிழ்நாடு அணிக்கு வந்த முதல் சீஸனிலேயே பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுந்து, அதைத் திருத்திக்கொண்டு திரும்பினார். இந்தியாவுக்கு ஆடியபோது வயது 29.

கடைசியாக, பணம் சம்பந்தப்பட்ட விஷயம். ஸ்போர்ட்ஸ் கோட்டா ஸீட்டில் சேரும் முன், `அணியில் இடம் இல்லாமல் போனாலோ, காயம்பட்டாலோ கட்டணச் சலுகை தொடருமா? ஹாஸ்டல் இலவசம் எத்தனை வருஷத்துக்கு?' என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து வாங்கிய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கிறது. எந்த அளவிலான போட்டிச் சான்றிதழ் அதற்குச் செல்லும் என்பதை தேனியில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.