நகராண்மை நன்கொடையும் நடுவு நிலைமையும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பொதுப் பணத்தைக் கையாள்வோர் இதனை ஒருபோதும் மறத்தலாகாது. ஆயினும், அளத்தல் என்றவுடனே இரண்டு வினாக்கள் எழுகின்றன. அளக்கும் படி யாது? அளக்கும் கை யாருடையது? இவ்விரண்டையும் ஆராயாமல், "எல்லார்க்கும் ஒரே விதி வகுத்தோம், ஆதலின் நாம் நடுவு நிலைமையினின்றும் வழுவிலோம்" என்று ஒரு சபையார் கூறுவாராயின், அக்கூற்று முற்றும் பொருந்துமோ? இதனைக் கனடா தேசத்து நகரங்கள் சிலவற்றின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அந்நாட்டு நகரசபைகள், வீட்டு வரி முதலியவற்றால் தமக்கு வரும் பொருளில் ஒரு சிறு பகுதியைப் பொதுநலச் சங்கங்களுக்கு நன்கொடையாக வழங்குவது வழக்கம். வயது முதிர்ந்தோர்க்கு உணவு கொண்டு சேர்த்தல், பள்ளி விட்டபின் சிறுவர்களைப் பேணிப் படிப்பித்தல், புதிதாகக் குடியேறினோர்க்கு வழிகாட்டுதல், இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி அளித்தல் முதலிய காரியங்களைச் சபையின் உத்தியோகஸ்தரைக் காட்டிலும் அந்தந்த ஜனங்களோடு கூடி வாழ்வோர் செவ்வனே செய்வர் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. தொகை சிறிதேயாயினும் பயன் பெரிது. ஒரு சிறிய சங்கம் வாடகை கொடுத்து ஓரிடத்தில் நிலைத்திருப்பதும், கதவை மூடிக் கலைந்து போவதும் பல சமயங்களில் இத்தொகையையே பொறுத்துள்ளன. கறுப்பினத்தாரும் ஆதிக்குடிகளும் தாமே நடத்தும் சங்கங்கள் இத்தகைய உதவியைப் பெறுவதில் பின்தங்கி நிற்பது ஏன் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

விடை காண, சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகரான ஹாலிபாக்ஸில், நீர்க்கரையோரமாக ஆப்பிரிக்வில் என்னும் குடியிருப்பு ஒன்று இருந்தது. கறுப்பின மக்கள் நூறாண்டுகளுக்கு மேலாக அங்கே வாழ்ந்து, 1849ஆம் ஆண்டில் தமக்கென ஒரு பாப்டிஸ்டு சபையையும் நிறுவினர். அவர்கள் நகரசபைக்கு வரி செலுத்தினர். நகரசபையோ அவர்களுக்குக் குழாய் நீரும் கழிவுநீர்க் கால்வாயும் அமைத்துத் தரவில்லை. ஊர்க் குப்பையைக் கொட்டும் இடத்தை மாத்திரம் அவர்கள் வீடுகளுக்கு அருகே கொண்டுவந்து வைத்தது. பின்னர், அவ்விடம் வாழத் தகாதது என்று கூறி, 1960க்குப் பின் வந்த ஆண்டுகளில் அக்குடிகளை எழுப்பிற்று. சிலருடைய தட்டுமுட்டுச் சாமான்கள் குப்பை வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. அவர்களுடைய ஆலயம் 1967ஆம் ஆண்டில் இரவு நேரத்தில் இடிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் நகரசபை மன்னிப்புக் கேட்டு, ஆலயத்தைப் போன்றதொரு கட்டடத்தை மீண்டும் எழுப்புதற்கு 30 லட்சம் டாலரும் நிலமும் அளித்தது. ஒரு சமூகம் கூடும் இடம் அழியுங்கால், அதன் சங்கங்களும் தலைவர் வரிசையும் உடன் சிதறுகின்றன. "உங்கள் சங்கம் எத்தனை ஆண்டாக ஓரிடத்தில் நடந்து வருகிறது?" என்று நன்கொடை விண்ணப்பத் தாளிலே கேட்கப்படும் சாதாரணக் கேள்வி, இத்தகையோர்க்கு எவ்வளவு கசப்பானது என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆதிக்குடிகளின் வரலாறு இதனினும் பழமையானது. இன்று டொராண்டோ மாநகரம் அமைந்துள்ள நிலத்தைப் பற்றி 1787ஆம் ஆண்டில் மிசிசாகா மக்களோடு ஓர் உடன்பாடு செய்யப்பட்டது. அது குறைபாடுடையதென்று கண்டு 1805இல் மீண்டும் உறுதி செய்தபோது, அதற்கென எழுதிய விலை 10 ஷில்லிங். அவ்வழக்கு 2010ஆம் ஆண்டிலேதான் தீர்ந்தது. தேச சர்க்கார் 14 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தது. இதற்கிடையில், 1927ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தங்கள் நில உரிமை வழக்குகளுக்காக அம்மக்கள் சர்க்காரின் அனுமதியின்றிப் பணம் திரட்டுதலையே குற்றமாக்கிற்று. அத்தடை 1951இலேதான் நீங்கிற்று. நிதி திரட்டுதல் குற்றம் என்னும் சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஒரு மக்களிடம், நிதி திரட்டிப் பழகிய அநுபவத்திற்குச் சான்று கேட்பது எத்தகைய நீதி?

மிஷன் கல்லூரியில் பயிலும் நாம் மறைக்கலாகாத செய்தி ஒன்றும் இங்கே உண்டு. அம்மக்களின் பிள்ளைகள் ஏறக்குறைய 1,50,000 பேர், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளிலே வைக்கப்பட்டனர். அங்கே அவர்கள் தாய்மொழி தடுக்கப்பட்டது. பலர் வீடு திரும்பவேயில்லை. சர்க்காரின் பொருளைப் பெற்று அப்பள்ளிகளை நடத்தியவை திருச்சபைகளே. ஆங்கிலிக்கன் சபை 1993இலும், பிரெஸ்பிட்டேரியன் சபை 1994இலும், ஐக்கிய சபை 1998இலும் இதற்காக மன்னிப்புக் கேட்டன. உண்மை ஆராய்ச்சிக்கும் ஒப்புரவிற்கும் அமைக்கப்பட்ட ஆணைக்குழு, 2015ஆம் ஆண்டில் முடிவான அறிக்கையையும், செய்யத்தக்கன இவையென 94 அழைப்புகளையும் வெளியிட்டது. பொதுப்பணம் அம்மக்களின் பொருட்டு நெடுநாள் செலவிடப்பட்டே வந்தது. ஆயின் அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை.

இனி, இக்காலத்து விதிகள் தடையாகும் வகையை நோக்குவோம். முதலாவது, பதிவு பெற்ற சங்கமாதல் வேண்டும் என்னும் விதி. பதிவு பெறாத குழுவினர் ஒரு பெரிய சங்கத்தின் நிழலில் நின்று, அதன் வழியாகவே பணம் பெற வேண்டியவராவர். அப்பெரிய சங்கம் தன் மேற்பார்வைக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்வதும் உண்டு. இரண்டாவது, தணிக்கை செய்த கணக்கும் இன்ஷூரன்ஸ் பத்திரமும் காட்ட வேண்டும். இவற்றிற்காகும் செலவு சில வேளைகளில் நன்கொடையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மூன்றாவது, முன்னர் நன்கொடை பெற்று நடத்தியவர்க்கே மதிப்பெண் மிகுதி. ஆகவே பெற்றவரே பெறுகின்றனர். நான்காவது, செலவு செய்தபின் ரசீது காட்டிப் பணம் பெறும் முறை. கையில் முதலில்லாதவர் எவ்வாறு முதலில் செலவிடுவர்? ஐந்தாவது, ஓராண்டிற்கு மாத்திரம், குறித்த ஒரு வேலைக்கு மாத்திரம் கொடுத்தல். வாடகைக்கும் சம்பளத்திற்கும் வழியின்றி வேலை மாத்திரம் நடைபெறுமோ? இவ்விதிகளுள் ஒன்றேனும் நிறத்தையோ குலத்தையோ குறிப்பிடவில்லை. ஆயினும் ஐந்தும் சேர்ந்து ஒரே திசையில் வேலை செய்கின்றன.

அதன் விளைவை ஓர் எண்ணால் உணரலாம். அந்நாட்டுத் தனியார் அறநிலையங்களும் பொது அறநிலையங்களுமாகிய 40இன் கணக்குகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையொன்று, 2017, 2018ஆம் ஆண்டுகளில் அவை வழங்கிய ஒவ்வொரு 100 டாலரிலும் கறுப்பினத்தாரே தலைமை வகிக்கும் சங்கங்களுக்குச் சேர்ந்தது 7 சென்ட் அளவே என்று காட்டிற்று. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் நூற்றுக்கு நால்வர்க்கு மேற்பட்டோர் கறுப்பினத்தார். இவ்வெண் நகரசபைகளைப் பற்றியதன்று. எனினும் அதே விதமான விதிகள் எவ்வகைப் பயனைத் தரும் என்பதற்குச் சான்றாகும். அன்றியும், இப்படி எண்ணிப் பார்த்தபின்னரே குறை கண்ணுக்குத் தெரிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பரிகாரங்கள் தொடங்கியுள்ளன. டொராண்டோ நகரசபை 2017ஆம் ஆண்டு டிசம்பரில், கறுப்பினத்தார்க்கு எதிரான பேதத்தை நீக்குதற்கு 22 பரிந்துரைகளும் 80 செயல்களும் அடங்கிய திட்டமொன்றை ஏற்றது. 2022இல் ஆதிக்குடிகளோடு ஒப்புரவாதற்குரிய பத்தாண்டுத் திட்டத்தையும் ஏற்றது. அதே ஆண்டில் தேசச் சட்டமும் திருத்தப்பட்டு, பதிவு பெற்ற அறநிலையங்கள் பதிவு பெறாத குழுவினர்க்கும் தக்க பொறுப்போடு பொருளுதவி செய்ய வழி பிறந்தது. 2023ஆம் ஆண்டில், 20 கோடி டாலர் மூலதன நிதியொன்றை நிர்வகிக்கும் பொறுப்பைத் தேச சர்க்கார் கறுப்பினத்தாரே நடத்தும் அறநிலையமொன்றிடம் ஒப்புவித்தது.

நகரசபைகள் செய்யத்தக்கன இவையே: சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கொடுத்தல், பணத்தை முன்னதாகவே அளித்தல், சிறு தொகைக்குச் சிறு விண்ணப்பமும், வேண்டுவோர்க்கு வாய்மொழி விண்ணப்பமும் ஏற்றல், விண்ணப்பங்களைச் சீர்தூக்கும் குழுவில் அந்தந்தச் சமூகத்தாரையே அமர்த்துதல். எல்லாவற்றிலும் மேலாக, ஒரு சமூகத்திற்குத் தொண்டு செய்யும் சங்கத்தையும், அச்சமூகத்தாரே நடத்தும் சங்கத்தையும் வேறுபடுத்திக் கணக்கெழுதுதல் வேண்டும். இல்லையேல் பெரிய சங்கமொன்று தன்னிடம் வந்து செல்வோரின் தொகையைக் காட்டி, அவர்கள் பெயரால் வந்த பொருளைத் தானே பெற்றுவிடும். ஆதிக்குடிகளைப் பற்றித் திரட்டும் விவரங்கள் அவர்களுக்கே உடைமையாதல் வேண்டும் என்னும் கொள்கையும் 1998 முதல் அவர்களால் வற்புறுத்தப்பட்டு வருகின்றது.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. இது பட்சபாதம் என்பர் சிலர். கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனம், தாழ்த்தப்பட்டோரின் நிலையை உயர்த்துதற்குச் செய்யும் ஏற்பாடு சமத்துவத்திற்கு மாறன்று என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. கணக்குக் கேளாமல் கொடுத்தால் பணம் பாழாகும் என்பர் வேறு சிலர். இக்கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் கணக்கு வேண்டாமென்று ஒருவரும் கூறவில்லை. ஐயாயிரம் டாலருக்கும் ஐந்து லட்சம் டாலருக்கும் ஒரே கணக்கு வேண்டாமென்றே கூறுகின்றனர். கணக்கெழுதக் கற்பித்தற்கு ஆகும் சிறு செலவையும் நன்கொடையோடு சேர்த்தளித்தால் இக்கவலை பெரும்பாலும் தீரும்.

நம் நாட்டிலும் 1854ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைக்குப் பின், சர்க்கார் உதவித்தொகை முறையால் மிஷன் பள்ளிகள் பல வளர்ந்தன. விண்ணப்பம் எழுதவும் கணக்குக் காட்டவும் அறிந்தோர் அவற்றில் இருந்தனர். அவ்வறிவு இல்லாதவரிடத்தும் தகுதி இருந்திருக்கலாம் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இக்கல்லூரியில் இன்று பயில்வோருட் சிலர் நாளை ஏதேனும் ஒரு சபையில் அமர்ந்து, விண்ணப்பங்களைக் கையிலெடுத்து நோக்குவர். அப்பொழுது குறைபாடுடைய தாளொன்று வருமாயின், அதனை ஒதுக்கி வைக்குமுன், எழுதியவரை ஒருமுறை அழைத்துக் கேட்பாராக.