செம்மரம் வளர்ப்போம்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் குடியேறிய நம்மவர்க்குச் செம்மரம் புதிதன்று. தெலுங்கர் இதனை எர்ரசந்தனம் என்பர். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதிக்கே உரிய அருமரம் இது.

இதனை வெட்ட வந்தனர் என்று கூறி, 2015 ஏப்ரல் 7-இல் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபதின்மரைச் சேஷாசலக் காட்டில் போலீசார் சுட்டுக் கொன்றனர். உயிர் குடித்த அம்மரத்தை நம் சொந்த நிலத்தில் முறைப்படி வளர்க்கலாமன்றோ?

நெற்றின் உறை கடினமாதலின் விதை எளிதில் முளையாது. சாணக் கரைசலில் ஊறவைத்து விதைப்பர். சரளை நிலமும் நல்ல வெயிலும் வேண்டும். வேரில் நீர் தேங்கினால் கன்று பட்டுப்போம். வயிரம் பாயப் பல பத்தாண்டுகள் செல்லும். எம்போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு அதற்குள் எத்தனை மாற்றல் உத்தரவோ! சொந்த மரமாயினும் வெட்டவும் ஏற்றிச்செல்லவும் வனத்துறை அனுமதி தேவை. நாற்று வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துக.