தரை தொடாத வாளி

அம்பத்தலையில் திருத்த வேலை, கொழும்பு முழுக்க நீர்வெட்டு என்று நீர் வழங்கல் சபை அறிவித்துவிட்டால் தெமட்டகொடையில் பழைய கிணறுகளின் தகர மூடிகள் விலகும். பேஸ்லைன் வீதியை விட்டு உள்ளே இறங்கும் தோட்டங்களிலும், ரயில் பாதையை ஒட்டிய பழைய வளவுகளிலும் சில கிணறுகள் இன்னும் தூர்ந்துபோகாமல் இருக்கின்றன. 1880களில் லபுகமை நீர் மாளிகாகந்தைத் தாங்கிக்கு வந்து சேர்ந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். குழாய் வந்ததும் கிணறு குளிக்கவும் துவைக்கவும் என்று ஒதுங்கிக்கொண்டது. அதோடு இன்னொரு பொருளும் வீடுகளிலிருந்து காணாமற் போனது. கிணற்றுக்கென்றே இருந்த வாளி.

இப்போது நீர்வெட்டு நாளில் கிணற்றுக்குள் இறங்குவது குளியலறை வாளி. நேற்று வரை கழிப்பறைத் தரையில் நின்ற அதே வாளி. அதன் காதில் முடிந்த நைலோன் கயிறு காலை முழுதும் ஈரச் சீமெந்தில் சுருண்டு கிடக்கும். கோழி அதன்மேல் நடக்கும், பிள்ளைகள் செருப்போடு மிதிப்பார்கள். பிறகு அந்தக் கயிற்றில் பத்துப் பன்னிரண்டு அடி தண்ணீருக்குள் போகும். அள்ளியவரின் கையில் வழிந்த நீர் கயிறு வழியாகவே சொட்டிச் சொட்டிக் கிணற்றுக்குத் திரும்பும்.

தெமட்டகொடைக் கிணற்று நீரைக் குடிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்தில் ஓடை, நெருக்கமான வீடுகள், எங்கே என்றே தெரியாமல் புதைந்த பழைய மலக்குழிகள். அந்த நீர் கழுவத்தான். ஆனால் களனி கங்கைக்கு அப்பாலும், மட்டக்களப்பிலும், யாழ்ப்பாணத்திலும், மலையடிவாரக் கிராமங்களிலும் கிணற்று நீரையே குடிக்கும் குடும்பங்கள் இலட்சக்கணக்கில் உண்டு. 2016 மே மாதத்தில் களனி பெருகிக் கொலன்னாவை மூழ்கியபோது, எங்களுக்கு மிக அருகிலேயே கிணறுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வது பற்றி அறிவுரைகள் நிறைய வந்தன. சுத்தம் செய்த கிணற்றுக்குள் மறுநாள் எதை இறக்குகிறோம் என்பதில்தான் என் கவலை.

முதலில் அமிழும் சிக்கலைச் சொல்ல வேண்டும். இன்றைய வாளிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக் தண்ணீரைவிட இலேசானது. எனவே வாளி நீர்மட்டத்தில் மிதந்து சறுக்கும். அள்ளுபவர் கயிற்றைச் சுண்டுவார், ஆட்டுவார், உயர்த்திப் போடுவார். வாளி சுவரில் மோதிப் பாசியையும் சுண்ணாம்பையும் உதிர்க்கும். ஒருவழியாகச் சரிந்து நிரம்பும்போது, தூசியும் இலைச்சருகும் நுளம்புக் குடம்பியும் மிதக்கும் மேற்படையைத்தான் முதலில் குடிக்கும். மிக ஆழமாக விட்டால் அடியிலுள்ள சேறு கலங்கும். நல்ல நீர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாளியின் விளிம்பில் ஒரு பக்கமாக ஓர் இரும்புத் துண்டைக் கட்டிவிட்டால் அது தொட்டவுடன் சரிந்து, நேராக அமிழும். ஊரில் பலர் கேட்டுக் கற்காமலே இதைச் செய்கிறார்கள். கயிற்றில் அளவு பார்த்து ஒரு முடிச்சோ கட்டையோ போட்டுக் கப்பியில் அது தடுக்கும்படி செய்தால், வாளி அடிமண்ணைத் தொடாது. மழைக்காலத்துக்கு ஒரு முடிச்சு, கோடைக்கு ஒரு முடிச்சு.

இன்னொரு வழி அடியில் கதவு வைப்பது. வாளியின் அடித்தட்டில் ஒரு துளை, அதன்மேல் உட்பக்கமாகத் தோலோ ரப்பரோ கொண்டு ஒரு நாக்கு. இறங்கும்போது நீர் நாக்கைத் தள்ளிக்கொண்டு வாளியூடாகப் போகும். மேலே இழுக்கத் தொடங்கியதும் நாக்கு படிந்து மூடும். நிறுத்திய ஆழத்தின் நீர்தான் கிடைக்கும். ஆழ்கடல் நீரை மேல்நீர் கலக்காமல் எடுக்க நோர்வேக்காரரான நான்சன் செய்த குப்பியும் வேண்டிய ஆழத்தில் மூடிக்கொள்ளும் பாத்திரந்தான்.

இந்த அடிக்கதவு வாளியைக் கிராமங்களின் குடிநீருக்கு முழு மனதோடு கொண்டுபோனவர் சிம்பாப்வேயின் பீட்டர் மோர்கன். ஹராரேயிலுள்ள பிளேயர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். 2013இல் ஸ்டொக்ஹோம் நீர்ப் பரிசு பெற்றவர். அவருடைய வாளி எங்கள் கண்ணுக்கு வாளி மாதிரியே இராது. ஒடுங்கிய நீண்ட குழாய், அடியில் நாக்கு. கையால் சுழற்றித் துளைத்த குழாய்க்கிணற்றுக்குள் சங்கிலியில் இறங்கும். மேலே இரண்டு கம்பங்களுக்கிடையில் கைப்பிடி போட்ட உருளை. சுழற்றினால் சங்கிலி உருளையில் சுற்றிக்கொள்ளும், தரைக்கு வராது. மேலே வந்த குழாய் வாளியைக் கொண்டுவந்த பாத்திரத்துக்குள் நிறுத்தினால் நாக்கு உயர்ந்து நீர் அடிவழியே வழிந்துவிடும். வாளியின் வாயைத் தொட வேண்டியதே இல்லை. குழாயின் வாய் குறுகலானதால் கண்ட வாளியை உள்ளே விடவும் முடியாது.

தோண்டிய கிணறு வைத்திருந்த குடும்பங்களுக்கு அவர் வேறு வழி வைத்தார். கிணற்றின் உட்சுவரைக் கட்டு, மேலே கொங்கிறீற் மூடி போடு, மூடியில் ஒரு சிறு வாயை மட்டும் விளிம்பு உயர்த்தி விடு, அதற்கொரு தகர மூடி, சுற்றிலும் சரிவான சீமெந்துத் தளம், வழியும் நீர் தூரம் போக ஒரு வாய்க்கால். பிறகு உருளை, சங்கிலி, ஒரேயொரு வாளி. பம்பு கிடையாது, உதிரிப்பாகம் தேடிப் பட்டணம் போக வேண்டியதில்லை. கைப்பம்பு பழுதானால் வருடக்கணக்கில் துருப்பிடித்து நிற்பதை அவர் பார்த்திருந்தார். வாளியைக் குடும்பமே திருத்திக்கொள்ளும்.

கயிறும் தரையும் பற்றிப் பேச இவ்வளவு தூரம் ஆபிரிக்காவுக்குப் போக வேண்டுமா என்று கேட்கலாம். வடக்கின் துலாவை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஆடுகால், பின்முனையில் பாரம், முன்முனையில் கொடியும் வாளியும். அள்ளி வார்த்துவிட்டுக் கையை விட்டால் பாரம் துலாவைத் தூக்கிக்கொள்ளும். வாளி அந்தரத்தில் தொங்கும், அல்லது கிணற்றுக்கட்டில் நிற்கும். சுருண்டு கிடக்க அங்கே உதிரிக் கயிறே இல்லை. கப்பி வந்து இடம் மிச்சமானது, வேலை இலகுவானது. ஆனால் கயிறு நிலத்துக்கு வந்தது. இந்த நட்டத்தை யாரும் அப்போது கணக்கிட்டதாகத் தெரியவில்லை. தெமட்டகொடையில் ஒரு வளவில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் என்னிடம் ஒருமுறை சத்தம் போட்டது இப்போதும் காதில் இருக்கிறது: “தம்பி, வாளிய நிலத்தில வைக்காதை, கட்டில வை. காலடி மண்ணெல்லாம் கிணத்துக்க போகும்.” அவருக்கு நுண்ணுயிர் பற்றிச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

சுகாதாரத்துறையினர் சொல்லும் ஒரு விதி, பொதுக் கிணற்றுக்கு ஒரே வாளி, அது கிணற்றை விட்டு அசையக் கூடாது என்பது. பத்து வீடு வந்து பத்து வாளியை இறக்கினால் பத்து அடுப்படியின் தரையும் கிணற்றுக்குள் இறங்குகிறது. கேட்க எளிய விதி. நம்மிடையே அது ஏன் இவ்வளவு அரிதாக இருந்தது? ஒரே வாளி என்றால் எல்லாக் கையும் ஒரே கயிற்றைப் பிடிக்க வேண்டும். சாதி அதை விடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்றார்கள். கிணற்றில் அள்ள உரிமை பெற்ற யாராவது வந்து, மனமிருந்தால், தூர நின்று வார்ப்பார்கள். கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவல் இந்தக் கொடுமையைத்தான் பேசுகிறது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் கிணற்றடியில் மாற்றம் மெல்லத்தான் நடந்தது. தமிழ்நாட்டிலும் ஊர்க் கிணற்றுக்கு அவரவர் வாளியும் கயிறும் கொண்டுபோனதற்குப் பின்னால் இந்தத் தீட்டுக் கணக்கு பல இடங்களில் இருந்தது. மனிதக் கை பட்டால் நீர் கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள், சாணமும் சளியும் மிதிபட்ட தரையில் கிடந்த தங்கள் கயிற்றைக் கூசாமல் உள்ளே விட்டார்கள். வயிற்றோட்டத்தில் போன பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கயிற்றால் போனார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பொது வாளி ஒன்றைத் தொங்கவிடுவது பொறியியல் வேலையாகத் தெரியலாம். எங்கள் ஊர்களில் அது சமத்துவத்தின் வேலையும்கூட.

நீருக்குள் காலை வைக்காமல் அள்ளுவதே எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நரம்புச் சிலந்தி என்ற புழுநோய் சாட்சி. படிக்கிணறுகளில் இறங்கிக் குடம் நிரப்பியவரின் காற்புண்ணிலிருந்து புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். நீரிலுள்ள மிகச் சிறு பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்த நீரைக் குடித்தவருக்கு ஏறத்தாழ ஒரு வருடத்தில் கால் வழியே புழு வெளிவரும். மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. படிக்கிணறுகளை மூடியோ கயிறு விட்டு அள்ளும் கிணறுகளாக மாற்றியோ, கைப்பம்பு போட்டோ, நீரைத் துணியில் வடித்தோதான் இந்தியா அதை வென்றது. கடைசி நோயாளி 1996இல். 2000 பெப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை விடுபட்ட நாடாக அறிவித்தது.

வாளியின் மெதுவான வேகமும் ஒரு நன்மை என்பதை நாம் கற்றது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு. கடல் புகுந்து மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகள் உப்பாயின. இயந்திரப் பம்பு வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். எண்ணம் நல்லது. ஆனால் கடலுக்கும் வாவிக்கும் இடையிலான அந்த மணல் நிலத்தில் நன்னீர் ஒரு மெல்லிய வில்லையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே ஓர் அடியைப் பம்பு சடுதியாக உறிஞ்சினால் கீழிருந்து உப்பு மேலேறி வரும். பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அப்போது இதை எச்சரித்தார்கள். அந்தக் கிணறுகளை மீட்டதில் பெரும் பங்கு பருவமழைக்கே உரியது. வாளியால் அள்ளுபவர் அந்த வில்லையின் மேற்பகுதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார். மணற்கரையில் வாளி பின்தங்கிய கருவி என்று சொல்லுபவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

கிணற்று வாளி தூய்மையாக இருந்தும் வீட்டுக்கு வருவதற்குள் நீர் கெடலாம். 1993இல் மலாவியில் மொசாம்பிக் அகதிகளின் நியமிதுது முகாமில் லெஸ் ரொபேர்ட்ஸ் என்பவரும் தோழர்களும் இதைச் சோதித்தார்கள். கிணற்றிலிருந்து வந்த நீர் ஏறத்தாழ தூய்மையாகவே இருந்தது. அதைக் கெடுத்தது பெரும்பாலும் அள்ளியவர்களின் கை: வாளியை அலசும் கை, உள்ளே விட்டுக் கோப்பையால் மொள்ளும் கை. ஆகவே சில குடும்பங்களுக்கு மூடியும் வார்க்கும் மூக்கும் கொண்ட, கை நுழையாத வாளியைக் கொடுத்தார்கள். அந்த வீடுகளின் நீரில் மலக் கிருமிகள் சராசரியாக 69 விழுக்காடு குறைந்தன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே வயிற்றோட்டம் 31 விழுக்காடு குறைவாக இருந்தது. கை கழுவுங்கள் என்று யாரையும் புதிதாக மிரட்டவில்லை. வாளியின் வாய் ஒடுங்கியது, அவ்வளவுதான். பிறகு அகதி முகாம்களுக்கு ஒக்ஸ்பாம் அனுப்பும் 14 லீற்றர் வாளிக்கும் இறுக்கமான மூடி உண்டு.

கொலன்னாவையிலோ கடுவலையிலோ குடிக்க உகந்த கிணறு வைத்திருக்கும் ஒருவர் தகர வேலை செய்பவரிடம் போய் ஒரு வாளி செய்யச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்? நாகம் பூசிய தகடு. எட்டு லீற்றருக்கு மேல் வேண்டாம், பிள்ளைகளும் வயதானவர்களும் தூக்க வேண்டும். வாய் அடியைவிட ஒடுக்கம். விளிம்பில் ஒரு பக்கம் பாரம். அடியில் வெளிப்புறமாக ஒரு பிடிவளையம். அதைப் பிடித்துச் சரித்தால் விளிம்பில் கை படாமல் வார்க்கலாம். அடிக்கதவு திறந்த கிணற்றுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மணல் சிக்கும், ரப்பர் தேயும், ஒழுகும். அது குழாய்க்கிணற்றுக்கு உரியது. கயிற்றுக்குப் பதில் சங்கிலி, உருளையில் சுற்றும்படி. உருளைக்கு வசதி இல்லையா, கப்பிக்கம்பத்தில் இரண்டு கொக்கி: ஒன்றில் வாளி, மற்றதில் சுற்றிய கயிறு. கொக்கி ஆள் உயரத்தில் இருக்கட்டும், வாளியைத் தரையில் வைப்பதைவிட அதில் மாட்டுவது சுலபமாகத் தெரிய வேண்டும். அந்த வாளி குளியலறைக்குப் போகாமல் இருக்கக் காதில் ஒரு சிறு பூட்டுப் போட்டுச் சங்கிலியோடு பிணைத்துவிட்டாலும் தப்பில்லை.

இந்த வாளி ஏற்கெனவே கெட்ட கிணற்றைத் திருத்தாது. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும், மலக்குழி அருகிலிருக்கும் கிணற்றுக்கும் குளோரின் வேண்டும். தொடர்ந்து மாசுபடும் கிணற்றுக்கு அதை ஒரேயடியாகக் கொட்டாமல் நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். அதற்கு நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் வடிவமைத்த இரட்டைப் பானையை அடுத்த வாரம் பார்ப்போம். மண்பானை இரண்டு, மணல், குளோரின் தூள், துளை எங்கே போட வேண்டும் என்ற கணக்கு.

(தொடரும்)