முடிவெடுக்கவும் பழக்க வேண்டும்

விசேட கல்வி அலகில் படிக்கும் பிள்ளையை, "சொல்வழி கேட்கிற புள்ள" என்று மெச்சுகிறோம். பதினெட்டு வயதில் அந்தக் குணமே அவனுக்கு வினையாகலாம். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுபவனை ஏமாற்றுவது சுலபம். "வேணாம்" என்று மறுக்கப் பழகாத பெண்பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

எழுத்தோடும் எண்ணோடும் சேர்த்து, தெரிவுசெய்யவும், உதவி கேட்கவும், மறுக்கவும் கற்பிக்க வேண்டும் என்பது இதனால்தான். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் வேமேயரும் சக ஆய்வாளரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, அறிவுசார் குறைபாடோ கற்றல் இடர்பாடோ உள்ள 80 பேரை, பள்ளி முடித்து ஓராண்டின் பின் விசாரித்தது. தன் முடிவைத் தானே எடுக்கும் திறன் கூடியவர்களே அதிகம் வேலையில் இருந்தார்கள். கூலியும் கூடுதலாகப் பெற்றார்கள்.

வேமேயர் குழுவின் கற்பித்தல் முறையில் பிள்ளை தன்னையே மூன்று கேள்வி கேட்கிறது: என் இலக்கு என்ன? என் திட்டம் என்ன? எதைக் கற்றுக்கொண்டேன்?

மட்டக்களப்பின் கல்லடிப் பையன் ஒருவன் தனியாக பஸ்ஸில் டவுனுக்குப் போக ஆசைப்படுகிறான் என்று வைப்போம். பஸ்ஸின் பெயர்ப்பலகையை அடையாளம் காண்பது, காசை எடுத்து வைப்பது, பாலம் தாண்டியதும் இறங்க ஆயத்தமாவது என்று படிகளை அவனே சொல்லி, படமாக ஒட்டுகிறான். முதலில் ஆசிரியை பக்கத்து இருக்கையில். பிறகு பின் இருக்கையில். பிறகு தரிப்பிடத்தில் காத்திருப்பார். தரிப்பிடம் தவறினால் யாரிடம் கேட்பது? அதையும் அவனே யோசிக்கட்டும். பதில் வர ஒரு நிமிடம் ஆகலாம். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். பேச்சு வராத பிள்ளை இரண்டு படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவதும் தெரிவுதான்.

2004 சுனாமி கல்லடி, நாவலடிக் கரையை அழித்த ஊர் இது. பிள்ளையின் கையை விட அஞ்சும் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர் இல்லாத காலத்திலும் அந்தப் பிள்ளை வாழ வேண்டுமே.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. தன் தெரிவுகளைத் தானே செய்யும் சுதந்திரம் அதன் பொதுக் கொள்கைகளுள் ஒன்று. ஆகவே பிள்ளையின் தனியாள் கல்வித் திட்டம் பற்றிப் பேசப் பாடசாலை அழைத்தால், பெற்றோர் பிள்ளையையும் கூட்டிப் போக வேண்டும். "உனக்கு என்ன படிக்க விருப்பம், மகன்?" என்ற கேள்வி அவனிடமே கேட்கப்படட்டும்.