காடில்லா மாவட்டத்தின் மரக் கணக்கு

வெப்பமண்டல நாடுகளில் காட்டைக் கெடுக்காமல் மரம் எடுப்பது பற்றிய நூல்கள் பெரும்பாலும் பர்மாவின் தேக்கங்காடுகளையும், 1840-களில் மலபார் ஆட்சியராக இருந்த கனோலி நிலம்பூரில் வளர்க்கத் தொடங்கிய தேக்குத் தோட்டத்தையுமே எடுத்துக்காட்டுகளாகக் கொள்கின்றன. ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் காப்புக்காடு மிகச் சிறிய பங்கே உள்ளதும், மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் பெய்து முடிந்துவிடுவதுமான இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அந்த நூல்களில் இடமில்லை. ஆயினும் முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடி வட்டாரங்களிலிருந்து விறகும் கரியும் ஏற்றிய லாரிகள் பல்லாண்டுகளாக வெளியூர்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. காடு என்று பெயர் பெறாத நிலத்தில், எவரும் திட்டமிட்டு நடாத ஒரு மரத்திலிருந்து, எந்த வனத்துறைக் கணக்கிலும் அடங்காமல் நடைபெறும் மர உற்பத்தி இது.

காட்டிலிருந்து மரம் எடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சாக்சனி நாட்டுச் சுரங்கங்களுக்கு விறகு கிடைக்காமல் போகும் நிலை வந்தபோது, அங்குச் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ் 1713-இல் எழுதிய நூலில், காடு எவ்வளவு வளர்கிறதோ அந்த அளவுக்கு மட்டுமே வெட்ட வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். 1856-இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ், யானைமேல் சென்றபடியே தேக்கு மரங்களைச் சுற்றளவு வாரியாக எண்ணி, மூங்கில் குச்சிகளில் வெட்டுக்குறி இட்டுக் கணக்கெடுத்தார். எவ்வளவு மரம் நிற்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது, இன்று வெட்டிய இடத்துக்கு வெட்டுக்கத்தி மீண்டும் எந்த ஆண்டு வரலாம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே வரையறுக்கும் ஆவணம் பணித்திட்டம் எனப்படுகிறது; மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற பணித்திட்டம் இன்றி எந்தக் காட்டிலும் மரம் வெட்டலாகாது என்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ஆணையிட்டது. இராமநாதபுரத்தின் மரமோ கண்மாய்களிலும் புறம்போக்கிலும் பட்டாத் தரிசுகளிலும் நிற்பதால், அந்த ஆவணத்தின் எல்லைக்கு வெளியிலேயே இருக்கிறது.

அம்மரம் சீமைக்கருவை. வேலிக்கருவை என்றும் ஊர்ப்புறத்தில் வழங்கும் இது அமெரிக்கக் கண்டங்களின் வறண்ட பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. சென்னை மாகாண வனத்துறையில் காப்பாளராக இருந்த பெடோம் 1876-இல் இதன் விதைகளைக் கேட்டு எழுத, அடுத்த ஆண்டில் கடப்பையை அடுத்த கமலாபுரத்தில் இது நடப்பட்டதாகப் பதிவு உள்ளது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக வரவழைக்கப்பட்ட இம்மரம், அந்த ஒரு வேலையை இன்றுவரை குறைவின்றிச் செய்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. இனிப்புச் சதை கொண்ட இதன் நெற்றை ஆடுமாடுகள் விரும்பித் தின்ன, குடலைக் கடந்து சாணத்தோடு விழும் விதைகள் முன்னிலும் எளிதாக முளைக்கின்றன. இலையை மட்டும் அவை தொடுவதில்லை என்பதால் கன்றுக்கு வேலியும் தேவைப்படுவதில்லை. ஆனால் விதையின் இயல்பு மட்டுமே ஒரு மாவட்டத்தை முள்காடாக மாற்றிவிடாது. கண்மாய்கள் தூர்ந்து, மழை பொய்த்து, மானாவாரி விளைச்சல் கூலிக்கும் கட்டாமல் போய், இளைஞர்கள் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற காலத்தில் தரிசாக விடப்பட்ட வயல்களே கருவைக்கு இடம் கொடுத்தன. விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுக்குத்தகையாகப் பணம் தரும் மரத்தை நிலக்காரர் வெட்டி எறிய விரும்பாததில் வியப்பில்லை.

இத்தொழிலின் நடுவாக இருப்பது கரிமூட்டம். கிளைகளும், நிலத்தடியில் இருந்து தோண்டி எடுத்த அடிக்கட்டையாகிய தூர்களும் துண்டுகளாக்கப்பட்டு நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. அவற்றின்மேல் வைக்கோலோ தழையோ பரப்பி, ஈரமண் பூசி, காற்று புகவும் புகை போகவும் சிறு துளைகள் மட்டும் விடப்படுகின்றன. நெருப்பு வைத்த பின் மூட்டம் கொழுந்துவிட்டு எரிந்தால் கிடைப்பது சாம்பலே ஆகையால், பல நாட்களுக்கு அது உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்தின் ஈரம் வெளியேறும்வரை அடர்ந்த வெண்புகை வருகிறது. புகை மெலிந்து நீலம் காட்டும்போது அப்பகுதியில் மரம் கரியாகிவிட்டது என்று அறிந்து அங்குள்ள துளையை அடைத்து, வேறிடத்தில் துளை திறக்கிறார்கள். மண்பூச்சில் இரவில் விழும் ஒரு விரிசலைக் கவனிக்கத் தவறினாலும் காற்று புகுந்து மூட்டத்தின் ஒரு பக்கம் முழுவதும் வெந்து போகும் என்பதால், அருகிலேயே படுத்துக் காவல் காப்பவருக்கு உறக்கமும் இல்லை, புகையிலிருந்து தப்பும் வழியும் இல்லை. இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒரு டன் கரிக்கு நான்கைந்து டன் விறகு தேவைப்படுகிறது. எஞ்சிய எடை நீராவியாகவும் தாராகவும் எரிவளியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது. மாவட்டத்தின் மர உற்பத்தியில் மிகப் பெரிய வீண் செலவு காட்டிலன்று, இந்த மண்பூச்சுக்குள்ளேயே நிகழ்கிறது என்று சொல்லலாம்.

கருவையின் வெட்டுமுறையை உற்றுநோக்கினால் நிர்வாகத்துக்கான வழியும் அதிலேயே தெரிகிறது. தரைமட்டத்தில் வெட்டப்பட்ட கட்டையிலிருந்து பல தளிர்கள் புறப்பட்டு மீண்டும் மரமாவதை வனவியலார் மறுதாம்பு என்பர். தளிர்க்கும் மொட்டுகள் தரையை ஒட்டிய வேர்த்தலைப் பகுதியில் இருப்பதால், அதற்குக் கீழே தோண்டித் தூரோடு எடுத்துவிட்டால் அந்த மரம் திரும்ப முளைப்பதில்லை. கிளைக்கரியைவிடக் கெட்டியானது என்று தூர்க்கரிக்கு மதிப்பும் உண்டு. ஆகவே விறகுக்கென ஒதுக்கிய பட்டா நிலத்தில் மறுதாம்பு விட்டுச் சுழற்சியாக வெட்டுவதும், நீர் நிற்க வேண்டிய கண்மாயில் தூரோடு எடுப்பதும் ஒரே மரத்துக்குரிய இருவேறு முறைகளாகின்றன. நடைமுறையில் பல வேளைகளில் இது தலைகீழாகவே நடக்கிறது: கண்மாய் மரத்தை ஏலம் எடுத்தவர் மேல்வெட்டாக வெட்டிக்கொண்டு போய்விட, அடுத்த மழைக்குள் கட்டைக்குக் கட்டை நான்கு தளிர்கள் நிற்கின்றன.

வைகோ உள்ளிட்டோர் தொடுத்த பொதுநல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஆணைகளால் 2017-இன் தொடக்கத்தில் தென்மாவட்டங்களெங்கும் பொக்லைன்கள் இறங்கின. அந்த வேகத்தோடு, இம்மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது, மாடுகளை மலடாக்குகிறது என்பன போன்ற ஆதாரமற்ற செய்திகளும் கைபேசிகளில் பரவின. நிலத்தடி நீரை ஆழம் சென்று எடுப்பது, தன் நிழலில் பிற செடிகளை வளரவிடாதது, கண்மாயின் கொள்ளளவைக் குறைப்பது ஆகிய உண்மையான குற்றங்களே போதுமானவையாக இருக்க, பொய்க் குற்றங்களும் சேர்ந்து விவாதத்தைக் குழப்பின. பின்னர் 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்குமான கொள்கையை வெளியிட்டு, அகற்றுவதோடு நில்லாமல் அந்த இடத்தில் நாட்டு மரங்களை மீட்பதையும் குறிக்கோளாக்கியது. இதில் ஒரு விந்தையும் உண்டு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காட்டு அளவுக்கு மரக்கிளை மூடியிருந்தால், மரம் எதுவாயினும் நிலம் எவருடையதாயினும், இந்திய வன அளவை நிறுவனம் அதை வனப் போர்வையாகவே கணக்கிடுகிறது. ஆகவே கருவை அகன்றால் செயற்கைக்கோள் வரைபடத்தில் மாவட்டத்தின் பசுமை குறையும், கருவை பரவினால் கூடும்.

கண்மாயில் கருவைக்கு முன்பே உரிமை கொண்ட மரம் நாட்டுக்கருவை என்னும் கருவேலம். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாத இதனை, சுவீடன் நாட்டு உதவியோடு 1981-இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டு வனத்துறை கண்மாய்களின் நீர்ப்பரப்பில் பெருமளவில் வளர்த்தது. முதிர்ந்த மரங்களை ஏலம் விட்டுக் கிடைக்கும் வருவாயில் ஊராட்சிக்கும் பங்கு என்ற ஏற்பாடு, மரத்தின்மேல் ஊருக்கு ஓர் அக்கறையை உண்டாக்கியது. குறைகள் இருந்தபோதிலும், நட்ட ஆண்டும் வெட்டும் ஆண்டும் ஏட்டில் எழுதப்பட்ட ஒரே மர உற்பத்தி முறை இம்மாவட்டத்தில் அதுதான் எனலாம். மேலும் 1989-இல் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களிலும், 2025-இல் அப்பட்டியலில் சேர்ந்த சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களிலும் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவது தண்ணீருக்குள் நிற்கும் இத்தகைய முள்மரங்களின்மேலேதான். நாட்டுக்கருவை இளசாக உள்ள இடத்தில் சீமைக்கருவையும் கூட்டுக்கு இடம் கொடுக்கிறது என்பதால், அங்கு எல்லா மரங்களையும் ஒரே கோடையில் வழித்தெடுப்பது அடுத்த பருவத்தில் வரும் பறவைகளை விரட்டுவதாகும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் கருவேலம் உயர்ந்த பின்னரே அடுத்த பகுதிக்குப் போவதே பொருத்தம்.

கடற்கரையை நெருங்க நெருங்க மரமும் அதன் பயனும் மாறுகின்றன. பாக் நீரிணைக் கரையில் மர வள்ளங்களும் வத்தைகளும் கட்டப்பட்ட காலத்தில், பலகைக்கு மேற்குக் கரையின் அயனியும், பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வளைந்த சட்டங்களான வங்குகளுக்குக் கருவேலமும் பூவரசும் பயன்பட்டன. இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடிப் பிடிப்பது படகு கட்டும் தச்சர்களாகிய ஓடாவிகளின் திறமையாகக் கருதப்பட்டது. கண்ணாடியிழைப் படகுகள் வந்தபின் அந்தத் தேவை சுருங்கிவிட்டது. இராமேசுவரம் தீவின் மணற்பரப்பில் குடை விரித்து நிற்கும் உடைமரம், விறகுக்கும் வேலிக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் பயன்படும் மண்ணின் மரமாக இருந்தும், நாற்றங்கால் பட்டியல்களில் சவுக்குக்குக் கிடைக்கும் இடம் அதற்குக் கிடைப்பதில்லை.

பனையோ தனிக் கணக்கு. இதன் தண்டில் கெட்டியான வயிரம் வெளிச்சுற்றில் மட்டுமே இருப்பதாலும், அதுவும் பல பத்தாண்டு முதிர்ந்த பின்னரே உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் தகுதி பெறுவதாலும், தலைமுறைக்கு ஒருமுறை வெட்டக்கூடிய மரம் இது. அதைச் செங்கல் சூளைக்கு விறகாக விற்றது, ஒரு சில நாள் நெருப்புக்காக அறுபது ஆண்டு வளர்ச்சியைக் கொடுத்ததாகும். ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று 2021-இன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த அறிவிப்பு காலம் கடந்தது என்றாலும் தேவையானதே.

சீமைக்கருவைக் குடும்பத்தோடு போராடும் பிற நாடுகளின் படிப்பினையும் இரு திசையில் செல்கிறது. கென்யாவின் பாரிங்கோ பகுதி மேய்ப்பர்கள், நெற்றின் சர்க்கரையால் பல் சொத்தையாகி விழுந்த ஓர் ஆட்டை நீதிமன்றத்துக்கே கொண்டுசென்று இழப்பீடு கேட்டனர். இலங்கையின் புந்தலை தேசியப் பூங்காவிலும் சீமைக்கருவை பெரும் சிக்கலாக உள்ளது. அர்ஜென்டினாவிலோ இதன் உறவு மரம் கதவும் மேசையும் தரைப்பலகையும் ஆகிறது. ஈரம் மாறினாலும் அதிகம் சுருங்காத, அடர்ந்த கட்டை இவ்வினத்துக்கு இயல்பு. வெட்டாமல் விட்டுவைத்துக் கிளை கழித்த மரத்தில் அறுப்புக்கு உகந்த அடிமரம் உருவாகும். மூன்றாண்டில் வெட்டிக் கரியாக்கும் பழக்கத்தால் இராமநாதபுரத்தில் அந்த அளவு தடித்த கட்டை கிடைப்பதே அரிதாகிவிட்டது. மறுதாம்பில் எழும் பல தளிர்களில் ஒன்றிரண்டை மட்டும் நிறுத்தி மற்றவற்றைக் கழிப்பதற்குக் கூலி தவிர வேறு முதலீடு வேண்டியதில்லை. கழித்தவையும் விறகாகவே விற்கும்.

இவை எதற்கும் புதிய சட்டம் தேவைப்படாது. கண்மாய் மர ஏலத்தின் நிபந்தனைகளில் தூரோடு எடுக்க வேண்டும் என்பதோடு, அடுத்த இரண்டு மழைக்காலங்களிலும் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கி முடித்த பின்னரே வைப்புத்தொகை திருப்பித் தரப்படும் என்றும் சேர்க்கலாம். மண்ணில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதால், முதலாண்டு வெட்டைவிடப் பின்வரும் ஆண்டுகளின் கன்று பிடுங்கலே கண்மாயைக் காக்கிறது. இன்று பொதுவாகக் குத்தகையில் விலை பேசப்படாத வேலையும் அதுவே.