கோடை நாடக விழா வருகிறது... காலி நாற்காலிகளை நிரப்ப நாம் தயாரா?

“ஏம்மா, இன்னிக்குச் சாயங்காலம் உனக்கு வேலை ஏதாவது இருக்கா? இல்லேன்னா இந்தா, ரெண்டு ‘பாஸ்’. எனக்கு முழங்கால் வலி, போக முடியலை. வீணாப் போகவேண்டாமே!”

போன வருடம் ஒரு சனிக்கிழமை எதிர் வீட்டு மாமி இப்படிக் கேட்டபோது, எனக்கு நாடகத்தின் மேல் ஆசை ஒன்றும் பொங்கி வழிந்துவிடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே! சும்மா கிடைக்கிறதை விடுவானேன் என்றுதான் வாங்கிக்கொண்டேன். ராத்திரிக்கு அடைக்கு அரைத்து வைத்துவிட்டு, பத்து வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கோட்டூர்புரத்துக்காரர்களான எங்களுக்கு சபா என்றால் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், தி.நகர் என்று போனால்தான் உண்டு. பாலத்திலே நெரிசல். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாடகம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் திக்கென்றது. அவ்வளவு பெரிய அரங்கில் அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளையில் என் பெண் எண்ணிப் பார்த்துவிட்டு, “அம்மா, நம்மளையும் சேர்த்து முப்பத்தேழு பேர்!” என்றாள். அதில் முக்கால்வாசிப் பேருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும்.

ஆனால் மேடையில் இருந்தவர்கள் அதையெல்லாம் பொருட்படுத்தினதாகவே தெரியவில்லை. அம்மா வேடம் போட்ட பெண்மணி, மகன் வீட்டை விட்டுப் போகிற காட்சியில் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாரே... என் தொண்டையை அடைத்துக்கொண்டது. முப்பத்தேழு பேருக்காகவா இப்படி உருகி நடித்தார் என்று தோன்றியது.

முடிந்ததும் பாராட்டலாமே என்று மேடைப் பக்கம் போனேன். அதற்குள் அவர் மேக்கப்பைக் கலைத்துவிட்டு, நாடகத்தில் கட்டியிருந்த புடவையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் புடவைதானாம்! “ரொம்ப நன்னா நடிச்சீங்க” என்றேன். முகம் மலர்ந்து, “அடுத்த தடவை இன்னும் நாலு பேரை அழைச்சிண்டு வாங்கோ. ஆள் இருந்தாத்தான் எங்களுக்கும் தெம்பு” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் பெண் கேட்டாளே ஒரு கேள்வி!

“அம்மா, நாம காசு குடுத்தா பார்த்தோம்?”

“இல்லடி, ஓசி பாஸ்.”

“அப்போ அந்த ஆன்ட்டிக்கு யாரு குடுப்பா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி அடை தொண்டையில் இறங்கவில்லை என்றால் நம்புங்கள்.

யார் கொடுக்கிறார்கள்?

பெண் கேட்ட கேள்வியை விடாமல், நாடகக்காரர்களையும் சபாக்காரர்களையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது.

சபா என்பது உறுப்பினர்களின் சந்தாவில் நடக்கிற அமைப்பு. வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் கச்சேரி, நாட்டியம், நாடகம் எல்லாம் பார்க்கலாம். சபா ஒரு தொகை பேசி நாடகக் குழுவை அழைக்கும். குழுவின் செலவோ பல தினுசு: செட், லைட், மைக், மேக்கப், சாமான்களை ஏற்றி இறக்குகிற வேன், எல்லோருக்கும் காபி டிபன். குழுவே சொந்தமாக நாடகம் போட்டால் இதோடு ஹால் வாடகையும் சேரும். ஒரு புது நாடகம் என்றால் மாசக்கணக்கில் ஒத்திகை. அதுவும் ஆபீஸ் விட்டு வந்தபின், யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில்! இவர்களில் பெரும்பாலோர் வேறு உத்தியோகத்தில் இருந்துகொண்டு ஆசைக்காக நடிக்கிறவர்கள். ஒரு நாடகத்தைப் பலமுறை போட்டால்தான் போட்ட பணம் திரும்பும். கூட்டம் இல்லை என்றால் சபா அடுத்த முறை யோசிக்கும். சபா அழைக்காவிட்டால் அந்த நாடகம் நாலு மேடையோடு நின்றுபோகும். நாம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, “இப்பல்லாம் நல்ல நாடகமே வர்றதில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்போம்!

ஒரு காலத்தில் அப்படியா இருந்தது? பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீலாக இருந்து பின்னால் நீதிபதியும் ஆனவர்! ‘கூத்தாடிகள்’ என்று ஏளனமாகப் பேசின காலத்தில், படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடை ஏறலாம் என்று காட்டியவர் அவர். அந்த வழியில்தான் பிற்பாடு எத்தனை எத்தனை குழுக்கள்! ஒய்.ஜி. பார்த்தசாரதி தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், கே. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ்... சினிமாவில் நாம் கொண்டாடிய ‘சர்வர் சுந்தர’மும் ‘மேஜர் சந்திரகாந்’தும் ‘எதிர்நீச்ச’லும் முதலில் மேடை நாடகங்கள்தான்.

1975-ல் சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. பிறகு கேபிள், சீரியல், இப்போது கையிலேயே செல்போன். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 2020-ல் கொரோனா வந்து அரங்குகளைப் பூட்ட வைத்தது. வெளியே போகும் வழக்கத்தை அப்போது விட்ட பெரியவர்கள் பலர் மறுபடி சபாப் பக்கம் வரவே இல்லையாம். அந்த நாற்காலிகளில் உட்கார வேண்டியவர்கள் நாமில்லாமல் வேறு யார்?

பெண்களும் மேடையும்

“நாடகம் எல்லாம் நமக்கு எதுக்கு?” என்று கேட்கும் தோழியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மேடைக்கு வருவதற்கு நம் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சுகுண விலாச சபையில் பெண் வேடத்தையும் ஆண்கள்தான் போட்டார்கள். ‘பாய்ஸ் கம்பெனி’களில் சிறுவர்களுக்குப் புடவை கட்டிவிட்டார்கள். டி.கே. சண்முகம் ஔவைப் பாட்டியாகவே நடித்துப் புகழ் பெற்று ‘அவ்வை சண்முகம்’ ஆனார்.

அதே சமயம் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகத்தைப் பார்க்க வருகிற கூட்டத்துக்காக ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று ரயிலே ஓடியதாம்! அப்பேர்ப்பட்டவர் கடைசிக் காலத்தில் வறுமையில் வாடினார் என்று படித்தபோது, பஸ்ஸுக்கு ஓடிய அந்தப் பெண்மணியின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நம் காலத்திலேயே இன்னொரு அதிசயம் உண்டு. பாம்பே ஞானம் அவர்கள் 1989-ல் மும்பையில் மகாலக்ஷ்மி பெண்கள் நாடகக் குழுவைத் தொடங்கினார். நம்மைப் போன்ற குடும்பப் பெண்கள்தான் நடிகைகள். அப்பா, தாத்தா, சந்நியாசி என்று ஆண் வேடங்களையும் பெண்களே போடுவார்கள். பின்னாளில் சென்னை மேடைகளிலும் அந்தக் குழு நிறைய நாடகங்கள் போட்டது. நமக்கும் வீடு, சமையல், குழந்தைகள் எல்லாம் இருக்கின்றன. அவர்களுக்கும் இருந்தன, இல்லையா?

இன்றும் சபா நாடகங்களில் நடிக்கப் பெண்கள் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். ஒத்திகை முடிய நேரமாகும், ராத்திரியில் தனியாகத் திரும்ப வேண்டும், வீட்டில் முகம் சுளிப்பார்கள். அத்தனையையும் மீறி வருகிறவர்களுக்கு நாம் கைதட்டவாவது வேண்டாமா?

கோடையில் என்ன விசேஷம்?

மார்கழி என்றால் கச்சேரி. கோடை என்றால் நாடகம். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபா பல வருடங்களாக ஏப்ரல், மே மாதங்களில் ‘கோடை நாடக விழா’ நடத்தி வருகிறது. டி.டி.கே. சாலை நாரத கான சபாவில்தான் பெரும்பாலும் நடக்கும். தினம் ஒரு நாடகம், பல குழுக்களின் புத்தம் புது நாடகங்கள்! சிறந்த நாடகம், நடிகர், நடிகை என்று பரிசுகளும் உண்டு. இதற்கென்றே புது நாடகம் எழுதி, ஒத்திகை பார்த்துக் காத்திருக்கும் குழுக்கள் இருக்கின்றன. இங்கே ரசிகர்களிடம் பேர் வாங்கிய நாடகத்தைத்தான் மற்ற சபாக்கள் வருடம் முழுவதும் அழைக்கும். அதனால் இந்தச் சில நாட்களில் நாம் போய் உட்காருவது, ஒரு நாடகத்தின் ஆயுளையே கூட்டுகிற காரியம்.

‘நாடகம் என்றால் வெறும் ஜோக்’ என்று நினைக்காதீர்கள். ஜோக்கும் வேண்டியதுதான்! 2019-ல் மறைந்த கிரேசி மோகனின் நாடகங்களில் மாதுவும் ஜானகியும் அடிக்கும் கூத்தைப் பார்த்தால், நாள் முழுக்க அடுப்படியில் நின்ற அலுப்பு எங்கே போயிற்று என்றே தெரியாது. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ வேறு ரகம். 1980-ல் மேடையேறி மறு வருடமே சினிமாவாகவும் வந்த நாடகம் அது. ஒரு குடம் தண்ணீருக்குத் தவிக்கும் அத்திப்பட்டி கிராமத்தின் கதை. 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற சென்னைப் பெண்களுக்கு அது பழைய கதையா, சொல்லுங்கள்?

குழந்தைகளோடு போகலாமா?

தாராளமாக! அரங்கத்தில் நேருக்கு நேர் ஒரு மனுஷர் அழுவதையும் சிரிப்பதையும் பார்ப்பது குழந்தைக்குத் தனி அனுபவம். சில யோசனைகள்:

• ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் நல்லது. முதல் தடவை நகைச்சுவை நாடகமாகப் பாருங்கள். கதையின் முன்கதையைச் சொல்லி அழைத்துப் போங்கள்.

• கிளம்புமுன் இட்லியோ தயிர் சாதமோ கொடுத்துவிடுங்கள். பசித்த குழந்தைதான் படுத்தும். இடைவேளையில் கேன்டீன் போண்டா ஒன்று வாங்கிக் கொடுத்தால் அடுத்த தடவை அதுவாகவே “நாடகத்துக்குப் போலாமா?” என்று கேட்கும்!

• கைக்குழந்தைக்காரர்கள் வாசலை ஒட்டிய ஓர நாற்காலியில் உட்காருங்கள். குழந்தை சிணுங்கினால் சட்டென்று வெளியே வரலாம். “கைக்குழந்தை இருக்கு, எனக்கேது நாடகம்?” என்று ஏங்க வேண்டாம். இரண்டு மணி நேரம் வெளிக்காற்று உங்களுக்கும் தேவை.

நாம் என்ன செய்யலாம்?

1. டிக்கெட் இருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். பாஸ் கேட்டு நச்சரிக்காதீர்கள். அனுமதி இலவசம் என்றால் அந்தக் காசை சபாவுக்கு நன்கொடையாகக் கொடுங்கள். சினிமாவுக்கும் பாப்கார்னுக்கும் கணக்குப் பார்க்கிறோமா என்ன?

2. பக்கத்திலுள்ள ஒரு சபாவில் உறுப்பினராகுங்கள். மாமியார் மாமனாருக்குப் பிறந்த நாள் பரிசாக ஒரு வருடச் சந்தா கட்டலாம். பேச்சுத் துணைக்கு ஏங்கும் பெரியவர்களுக்கு மாதம் இரண்டு சாயங்காலம் கிடைக்கும்.

3. நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள். ஆட்டோ செலவு பங்காகும், ராத்திரி திரும்புவதற்கும் பயமில்லை.

4. நேரத்துக்குப் போங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். அழுகைக் காட்சியில் யாருடைய போனோ பாட்டுப் பாடினால் நடிக்கிறவருக்கு எப்படி இருக்கும்?

5. அடுக்குமாடி சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகக் குழுவை அழையுங்கள். எல்லோரும் பகிர்ந்துகொண்டால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய செலவாகாது.

6. பழைய பட்டுப்புடவை, பித்தளைப் பாத்திரம், சாய்வு நாற்காலி என்று வீட்டில் தூங்குபவற்றைக் குழுக்களிடம் கேட்டுக் கொடுங்கள். மேடையில் அவை உயிர் பெறும்.

7. பிடித்த நாடகத்தை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் குழுவினரிடமே பக்குவமாகச் சொல்லுங்கள். அதுவும் உதவிதான்.

நாங்கள் செய்தது

நான் உபதேசம் மட்டும் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள்! அந்த முப்பத்தேழு பேர் நாடகத்துக்குப் பிறகு, எங்கள் பிளாக்கில் ஐந்து பெண்கள் சேர்ந்தோம். மாதம் ஒரு நாடகம், சொந்தக் காசில். முதலில் என் கணவர், “ராத்திரி சாப்பாடு?” என்று கேட்டார். “குழம்பு ரசம் வெச்சிருக்கு, அப்பளம் மட்டும் நீங்க பொரிச்சுக்கோங்க” என்றேன். இப்போது பழகிவிட்டது. இரண்டு தடவை அவரும் கூடவே வந்தார்.

நான்கு மாதம் கழித்து, அதே பெண்மணியை வேறொரு நாடகத்தில் பார்த்தோம். அன்றும் அரங்கம் நிறையவில்லை. பாதி இருக்கும், அவ்வளவுதான். நாங்கள் ஐந்து பேர், குழந்தைகள், எதிர் வீட்டு மாமி என்று பத்துப் பேர் ஒரு வரிசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் போய்ப் பேசினோம். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எத்தனை பேரைப் பார்க்கிறவர்! ஆனால் என் பெண் தன் டிக்கெட்டின் பாதித் துண்டை நீட்டி, “ஆன்ட்டி, நாங்க காசு குடுத்து வந்தோம்” என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் மட்டும் சிரித்துக்கொண்டே அவளை அணைத்துக்கொண்டார்.

இந்தக் கோடையிலும் திரை விலகப் போகிறது. குழந்தைகளுக்கு லீவு, சாயங்காலம் புழுக்கம், வீட்டில் சும்மா இருந்தால் டி.வி.க்குச் சண்டை. வாருங்களேன், ஒரு நாள் நாடகத்துக்குப் போய்விட்டு வருவோம்! போகும்போது பக்கத்து வீட்டுக் கதவையும் ஒரு தட்டு தட்டுங்கள்.