பெக்கெட் எடுத்த தத்துவக் குறிப்புகள்

அயர்லாந்தில் பிறந்து 1969இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட், தத்துவ வரலாற்றைப் படித்து எடுத்த குறிப்புகள் 267 தாள்களாக டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. தேலீஸில் தொடங்கி நீட்சே வரை நீளும் இந்தக் கட்டில் பண்டைய கிரேக்கச் சிந்தனையாளர்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறது. பைதாகரஸ், ஹெராக்ளிட்டஸ், டெமோக்ரிட்டஸ், சாக்ரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என எல்லோரும் வருகிறார்கள்.

பெக்கெட் கல்லூரியில் படித்தது பிரெஞ்சும் இத்தாலியனும், தத்துவம் அல்ல. அந்தக் குறையை நிரப்பிக்கொள்ளவே 1930களில் அவர் இந்த வேலையில் இறங்கினார். வேலையும் பெயரும் இல்லாத இளைஞராக லண்டனில் இருந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பு அறைக்குப் போய் உட்கார்ந்தார். மூல நூல்களைப் படித்து எழுதிய குறிப்புகள் என்று எண்ணினால் ஏமாற்றமே. பெரும்பகுதி விண்டல்பாண்ட், ஜான் பர்னெட், ஆர்ச்சிபால்ட் அலெக்சாண்டர் ஆகியோரின் வரலாற்று நூல்களிலிருந்து எடுத்த சுருக்கம். தேர்வுக்குப் படிக்கும் மாணவனின் நோட்டுப் போலத்தான் இருக்கிறது. அங்கங்கே எட்டிப்பார்க்கும் குறும்புதான் எழுதியவர் யார் என்று காட்டிக்கொடுக்கிறது.

அப்படியானால் இதற்கு ஏன் இத்தனை மதிப்பு? பதில் அவருடைய நாவல்களில் இருக்கிறது. 1938இல் வெளியான ‘மர்ஃபி’யில் நியரி என்ற பாத்திரம் பைதாகரஸ் வழியைப் பின்பற்றுபவன். சதுரத்தின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் பொது அளவு ஒன்றால் அளக்க முடியாது என்ற ரகசியத்தை வெளியே சொன்னதற்காக மூழ்கடிக்கப்பட்டவனின் கதை அந்த நாவலில் வேடிக்கையாக வருகிறது. டெமோக்ரிட்டஸின் சிரிப்பும் அதே நாவலில் கேட்கிறது. இன்மை பற்றிய டெமோக்ரிட்டஸின் கருத்து பல ஆண்டுகள் கழித்து ‘மலோன் சாகிறான்’ நாவலில் திரும்ப வருகிறது. நோட்டையும் நாவலையும் அருகருகே வைத்தால், காய்ந்த பாடநூல் வரி ஒன்று எப்படி நகைச்சுவையாக மாறியது என்பதைப் பார்க்கலாம். 1961இல் அளித்த ஒரு பேட்டியில் தத்துவவாதிகளைத் தான் படிப்பதே இல்லை என்று பெக்கெட் சொன்னார். அந்தப் பேச்சை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இந்த 267 தாள்களே சாட்சி.

பெக்கெட் உயிரோடு இருந்தவரை இவற்றை வெளியே காட்டவில்லை. 1989இல் அவர் இறந்த பின்னரே தாள்கள் கிடைத்தன. குடும்பத்தார் அவற்றை 1997இல் டிரினிட்டிக்குக் கொடுத்தார்கள். ஆகவே இவை ஏலத்துக்கு வரவில்லை, விலையும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ‘மர்ஃபி’யின் கையெழுத்துப் பிரதி உண்டு. 1935–36இல் ஆறு நோட்டுகளில் எழுதப்பட்ட அதை 2013இல் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் ரெடிங் பல்கலைக்கழகம் 9,62,500 பவுண்டுக்கு வாங்கியது. அதன் பக்கங்களில் சார்லி சாப்ளினின் கிறுக்கல் படம்கூட இருக்கிறது.

படிப்புக் குறிப்புகளுக்குப் பொதுவாக நாவல் பிரதி அளவுக்கு விலை கிடைப்பதில்லை. சேகரிப்பவருக்குக் கதையின் முதல் வரி வேண்டும். யாரோ எழுதிய வரலாற்றின் சுருக்கம் வேண்டாம். ஆராய்ச்சியாளருக்கோ நோட்டுதான் பெரிது, ஏனென்றால் எழுத்தாளர் எதைத் தேர்ந்தெடுத்தார், எதை விட்டார் என்பது அதில்தான் தெரியும். விலையை உயர்த்துபவை சில: குறிப்பு எழுதிய காலம், அச்சான நூலோடு அதற்குள்ள தொடர்பு, தாளின் நிலை. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்தாளரின் மேசையிலிருந்து விற்பவரின் கைவரை தாள் வந்த வழி தெரிய வேண்டும். அந்தச் சங்கிலி அறுந்திருந்தால் கையெழுத்து எவ்வளவு ஒத்துப்போனாலும் சந்தேகம் தீராது.

தாளை வாங்கியவருக்கு அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை சேராது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பதிப்புரிமைக் காலம் முடியும்வரை அதை அச்சிட எழுத்தாளரின் வாரிசுகளிடம் அனுமதி பெற வேண்டும். பெக்கெட்டின் தத்துவக் குறிப்புகளைப் படிக்க விரும்புபவர் டப்ளினுக்குப் போக வேண்டியதில்லை. ஸ்டீவன் மேத்யூஸும் மேத்யூ ஃபெல்ட்மனும் பதிப்பித்த நூலை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 2020இல் வெளியிட்டிருக்கிறது.